ஊசிக்கு முன் ஒரு தலைவலி மாத்திரை

கிரேன்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க அசையாமல் உட்காரும் மனிதர், ஆஸ்பத்திரி பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார முடியாமல் நெளிந்தார்.

"காலை ஆட்டாதீங்க, பெஞ்சே ஆடுது" என்றாள் மனைவி.

இருபத்தெட்டு வருஷமாக இதே தொழில். போன மாதம் ஏணியில் ஏறும்போது நெஞ்சை அழுத்தியது. பாதியில் இறங்கிவிட்டார். இன்ஜினியர் பார்த்துவிட்டார். "இதயம் நல்லாருக்குனு திங்கட்கிழமைக்குள்ள பேப்பர் கொண்டாங்க. இல்லேன்னா வேற ஆள்" என்று சொல்லிவிட்டார். டாக்டர் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கலாமென்றால் முட்டி தேய்ந்து கிடக்கிறது. அதனால்தான் ஊசிப் பரிசோதனை. மருந்தை ஏற்றி, இதயத்தின் ரத்தக் குழாய்களை விரியவைத்து, எங்கே ரத்தம் குறைகிறது என்று படம் எடுப்பார்கள்.

ஒருநாள் முழுக்க டீ கூடாது என்றார்கள். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே 'பிளாஸ்க்'. மனைவி தேயிலை டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். டீ இல்லாமல் விடிந்ததும் மண்டை பிளந்தது. அவளுக்குத் தெரியாமல் தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுக் கிளம்பினார்.

இப்போது எதிர்ச் சுவரில் ஒரு பலகை. பரிசோதனைக்கு முன் கூடாதவை: டீ, காபி, கோலா என்று வரிசையாகப் போட்டு, கடைசி வரியில் 'கஃபீன் கலந்த தலைவலி மாத்திரைகள்'. சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். கஃபீன் இருந்தது.

அந்தப் பக்கம் வந்த நர்ஸிடம் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, ஒருத்தர் தெரியாம டீ குடிச்சிட்டு வந்துட்டா?"

"ஊசி மருந்து சரியா வேலை செய்யாது. அடைப்பு இருந்தாலும் படம் நல்லாருக்கற மாதிரி காட்டிடும். ஏன், குடிச்சீங்களா?"

"டீயா? ஒரு சொட்டு இல்ல."

பொய் இல்லை. நல்ல படம்தானே வேண்டும்? வாயை மூடிக்கொண்டால் திங்கட்கிழமை கூண்டு அவருடையது. எழுந்தார், ஜன்னல்வரை நடந்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

கிரேனில் ஒரு மணி உண்டு. பாரம் அளவுக்கு மீறினால் அலறும். முன்னொரு தடவை மாற்றாளாக வந்தவன் தொல்லை தாங்காமல் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு மூன்று நாள் ஓட்டினான். கீழே ஆட்கள் நடமாடுகிற இடம். தெரிந்ததும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தவர் இவர்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் ஊசிக்கு நரம்பு தேடியபோது கையை இழுத்துக்கொண்டு, மாத்திரை அட்டையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"காலையில ஒண்ணு போட்டேன்."

நர்ஸ் ஊசியை எடுத்து வைத்துவிட்டாள். அடுத்த தேதி பத்து நாள் கழித்துத்தான்.

"டீத்தூளை ஒளிச்சு வெச்ச எனக்கு மாத்திரையை ஒளிச்சு வெக்கத் தோணலியே" என்றாள் மனைவி. "தலைவலின்னு வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?"

அவர் வெளியே வந்து இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"சார், பேப்பர் வரல. வேற ஆளையே போட்டுக்குங்க." கால் இன்னும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. "அவன் ஏறறதுக்கு முன்னாடி மணி அடிக்குதான்னு மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க."