பாவுக்கு வடித்த சோறு

பரிமளாக்காவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. ஆரணியில் எங்கள் தெருவில் அவள் கஞ்சி போட்ட பட்டுப் பாவில், தறியில் நீளவாட்டில் ஓடும் அந்த நூலில், இழை அறுந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. தறியிலும் உட்காருவாள். நாள் முழுக்க உழைப்பாள். வாயைத் திறந்து உண்மையை மட்டும் சொல்ல மாட்டாள்!

போன ஆடியில் அவளுக்குப் பாதம் மரத்தது. தறியின் மிதி காலடியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் மிதித்தாள். நான் பக்கத்து வீடு, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இழுத்துக்கொண்டு போனேன். சோதித்ததில் சர்க்கரை நோய் இல்லை.

"என்ன சாப்பிடுறீங்கம்மா?" என்றார் டாக்டர்.

"வூட்ல எல்லாரும் துன்றதத்தான் டாக்டர்."

இந்த ஒரு பதிலால் மூன்று மாதம் வீண். கடைசியில் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினோம். முடிவு வந்ததும் டாக்டர் எனக்கு விளக்கினார். டிரான்ஸ்கீட்டோலேஸ் என்று ஒரு நொதி. பாஸ்பேட் ஒட்டிய சர்க்கரை ஒன்றிலிருந்து இரண்டு கார்பனைக் கழற்றி இன்னொன்றில் மாட்டும்; உடம்புக்கு வேண்டிய சர்க்கரையாக மாற்றித் தரும். கூட வைட்டமின் பி ஒன் இல்லையென்றால் அதற்குக் கை ஓடாது. அக்காவின் ரத்தத்தில் அந்த நொதி பாதிதான் வேலை செய்தது. சோதனைக் குழாயில் பி ஒன் சேர்த்ததும் சுறுசுறுப்பானதாம்; அப்படியென்றால் அவள் உடம்பில் பி ஒன்தான் குறைவு.

"ஊசி இன்னிக்கே போடலாம். ஆனா சாப்பாடு மாறலைன்னா அந்தக் காலுக்கு உணர்வு திரும்பாது" என்றார்.

மறுநாள் மதியம் சொல்லாமல் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்படியில் இரண்டு பாத்திரம். ஒன்றில் புழுங்கலரிசிச் சோறு, பக்கத்தில் பருப்பு, கீரை. புருஷன் லோகநாதனுக்கும் மகன் விக்னேஷுக்கும். மற்றதில் பாவுக்குக் கஞ்சி எடுத்த பச்சரிசி. தண்ணீர் தெளியும்வரை கழுவி, வேகவைத்து, வடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றி வடித்தது. மிச்சம் வெறும் சக்கை. அதில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"இதையா தினம் துன்ற?"

"அரிசியக் கொட்டச் சொல்றியா? எத்தினி வருஷமா இதான்."

"சத்தெல்லாம் நூலுக்குப் பூடுச்சு, சக்கை உனக்கா? டாக்டர் கேட்டப்ப இன்னாத்துக்குச் சொல்லல?"

"அசலார் எதிர்ல எப்பிடிடி சொல்றது? எங்க வூட்டுக்காரருக்கு அசிங்கம் இல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்தில் சாப்பிட உட்காரப்போன லோகநாதனிடம் பாய்ந்தேன்.

"முப்பது வருஷமா இவ தட்டுல இன்னா கீதுன்னு ஒரு நாளாவது பாத்தீங்களாண்ணா?"

அவர் விழித்தார். "அவ எங்ககூட உக்காந்து சாப்ட்டதே இல்லியேம்மா."

நான் அந்தச் சக்கையைத் தள்ளிவைத்துவிட்டு, புழுங்கலரிசிச் சோற்றையும் கீரையையும் அவளுக்குப் போட்டேன். அவள் தொடவில்லை.

"அவரு இன்னும் சாப்பிடலியே" என்றாள்.

"உனக்குக் கால் வேணுமா, வேணாமா?" கத்தியேவிட்டேன்.

அவள் தன் பாதத்தைப் பார்த்தாள். விரலை அசைக்கப் பார்த்தாள், அசையவில்லை.

"வேணும்" என்றாள்.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை லோகநாதன் உட்காரவேயில்லை.