கப்டன் நம்பிய பட்டியல்

ஞாயிறு காலைகளில் மாத்தளையிலிருந்து நாலந்தாப் பக்கமாக ஓடும்போது, சோதனைச்சாவடி கண்ணில் பட்டதும் எங்கள் ஓட்டக் கழகத்தின் கப்டன் வலக்கையைத் தூக்குவார். பதினொரு பேரும் அந்த இடத்திலேயே நடக்கத் தொடங்குவோம். மூச்சிரைக்க, கைகளைத் தொங்கவிட்டபடி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரிச் சாவடியைக் கடப்போம். யுத்த காலத்தில் தமிழன் ஓடினால் அதற்கு வேறு அர்த்தம். எங்களில் தமிழர் மூன்றே பேர்தான். ஆனாலும் நடப்பதென்றால் சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பது கப்டன் வைத்த சட்டம்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கத்தில் படவரைஞர். நாற்பதைத் தாண்டியும் எங்களில் ஒருவனாலும் அவரை முந்த முடியவில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. ஓடி முடிந்ததும் எங்கள் கமிட்டியில் இருந்த சிங்கள மாஸ்டர் ஒருவர் வீட்டில் கூடுவோம். கிரிபத் என்கிற பாற்சோறும் லுணுமிரிஸ் சம்பலும் வரும். சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருவர் ஓட்டத்தையும் கிழிப்பார். “நீர் ஓடேல்லைத் தம்பி, பஸ்ஸைப் பிடிக்கப் போறீர்” என்று என்னைச் சொன்னதற்கு மாஸ்டரின் மனைவிகூடச் சிரித்தார்.

நான் மாத்தளையிலேயே பிறந்தவன், கழகத்தின் செயலாளர். ஒரு வருடம் எங்கள் ஓட்டப்போட்டிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டியிருந்தது. உறுப்பினர் பெயர், பிறந்த ஊர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணம் என்று ஒரு வரி இருந்தால் அனுமதி இழுபடும் என்று கமிட்டியில் சொன்னவன் நான்தான். கணுக்கால் சுளுக்கியிருந்ததால் கப்டன் அந்த முறை ஓடவில்லை, நேரம் பார்க்க மட்டுமே வந்தார். அதனால் பெயரை விட்டாலும் அவருக்குத் தெரியவராது என்றேன். எல்லாம் அவருடைய பாதுகாப்புக்குத்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை. போட்டி ஜோராக நடந்தது.

இரண்டு மாதம் கழித்து, கால் குணமாகி, ஒரு விடியலில் தனியாக ஓடப் போனவரைப் பொலிஸார் பிடித்துவிட்டார்கள். ஓட்டக் கழகத்தின் கப்டன் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். அதில் அவர் இல்லை.

அன்று மத்தியானமே அவருடைய மனைவி என்னிடம் வந்தார். “தம்பி, இவர் உங்கட கப்டன்தான் எண்டு ஒரு கடிதம் தந்தால் விட்டிடுவினமாம்.”

“நாளைக்குத் தர்றேங்க அக்கா” என்றேன்.

கடிதம் எழுதினால் பட்டியல் பொய் என்றாகும். என்னையும் உள்ளே போடுவார்கள் என்று பயந்தேன். நாலாம் நாள்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு முந்தின நாள் இரவே அவரைக் கொழும்புக்கு மாற்றியிருந்தார்கள்.

ஏழு மாதம் கழித்து அவரை விடுதலை செய்தார்கள். வந்த ஞாயிறே மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். இடது காலை இழுத்து நடந்தார். பார்க்கவே முடியவில்லை. கமிட்டி முழுக்க உட்கார்ந்திருந்தது. பட்டியலில் பெயர் இல்லாமல் போனது எப்படி என்று விஷயம் தெரியாத ஒரு புதுப் பையன் கேட்டுவிட்டான். கப்டனுக்குக் கோபம் வந்தது.

“தம்பி எழுதின லிஸ்ட்டில என்ர பேர் இருந்தது. அவங்கள்தான் அதை எடுத்துப்போட்டுப் பொய் சொன்னவங்கள்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கிரிபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகுமுன் என் வீட்டுக்கு வந்து விடைபெற்றபோதும் சொல்லவில்லை. போன வருடம் அங்கேயே இறந்துவிட்டார். கடைசி வரைக்கும் என்னை நம்பியே இறந்திருக்கிறார்.