சினிமாப் பாட்டு கிடையாது

டான்ஸ் ஹாலில் பாட்டு போடுகிறவன் வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. முட்டிக்குக் கீழேதான் பார்ப்பான். கால் அசைகிறதா என்பது மட்டும்தான் அவன் கவலை. கல்யாண வீட்டில் மைக் செட் கட்டியவர்களுக்கும், கோயில் கொடைத் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்குக் காவல் இருந்தவர்களுக்கும் இந்தப் பாடு நான் சொல்லாமலே தெரியும்.

2012. நாகர்கோவிலில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் சனிக்கிழமைதோறும் ஆறு மணிக்குப் பாட்டு தொடங்குவேன். ஒன்பதுக்கு முடித்துவிட வேண்டும். குழித்துறைப் பக்கத்து ஆட்களுக்கு பஸ் பிடிக்கணும். குடி கிடையாது, எலுமிச்சைச் சாறும் ரசவடையும் உண்டு. சினிமாப் பாட்டும் கிடையாது. கிட்டார் உறுமுகிற ராக், மெஷின் தாளம் இடிக்கிற எலெக்ட்ரானிக், சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் பையன்கள் சொந்தமாக எழுதிப் பாடியவை, இவைதான் போடுவேன். இதற்கு இந்த ஊர்க் கால்களும் ஆடும் என்று நான் நம்பினேன். லாட்ஜ் மேனேஜர் தாணு அண்ணாச்சி நம்பவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆடி பொறக்கது வரைக்கும் பாப்பேன். ஆளு ஆடணும். இல்லன்னா ஹாலு சேலைக் கண்காட்சிக்குப் போயிரும்."

வாசலில் செருப்பு

ஹாலில் மொசைக் தரை. துடைத்துப் பளபளவென்று கிடந்ததைப் பார்த்து, முதலில் வந்த ஆள் செருப்பை வாசலில் கழற்றினார். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். அதற்கப்புறம் அதுவே சட்டம். ஷூ போட்டு வந்த இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள்கூட படியில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார்கள்.

பெங்களூரில் பெரிய கிளப்புகளில் பாட்டு போடுகிற நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை பார்க்க வந்தார். தோளில் ஹெட்போன், காலில் ராணுவக்காரன் மாதிரி பூட்ஸ். படியேறி வந்தவர் செருப்பு வரிசையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். நான் போய்க் கூப்பிட்டேன். "இருக்கட்டும்பா, பூஜை முடியட்டும். நான் பிரசாதத்துக்கு வர்றேன்" என்றார்.

நாற்காலியை எடுத்த வாரம்

வந்தவர்கள் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து ரசவடை தின்றார்கள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்கள் முட்டியைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. என் கூட்டாளி சகாயம் மணக்குடிக்காரன்; கலர் லைட்டுகள் அவன் பொறுப்பு. நாற்காலி இருந்தால்தானே உட்காருவார்கள் என்றான். அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டோம்.

கூட்டம் வந்தது. சுற்றிலும் பார்த்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, எதிரெதிராக ரெண்டு வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஸ்பீக்கரில் ஜெர்மன்காரன் எவனோ தாளத்தைப் போட்டு அடிக்கிறான். கரை வேட்டி கட்டிய ஒருவர் தன் முன்னால் தரையைக் கையால் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலியா, நிஜமா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. "எல போட்டாச்சா மக்கா, இல்ல இன்னும் நேரமாகுமா?"

மைக்கில் நான்

இந்தத் தொழிலில் கத்த வேண்டும். கையைத் தூக்கு, தட்டு, குதி என்று தொண்டை கிழிய வேண்டும். எனக்கு அது வராது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்லும்போது பேய் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். கேட்டு வளர்ந்த எனக்கும் முக்கியமான இடத்தில் குரல் தானாகவே இறங்கிவிடும். ஒருநாள் துணிந்து மைக்கை எடுத்து, எல்லாரும் எழுந்து ஆடலாமே என்றேன். ஒருவரும் எழவில்லை. சகாயம் மைக்கை வாங்கி அணைத்துவிட்டுக் கேட்டான்: "ஏலே, இப்ப ஆடத்தான் கூப்பிட்டியா, இல்ல துட்டி வீட்டுல போயி எழவு விசாரிச்சியா?"

கப்பல்காரர்

எங்கள் கடற்கரை ஊர்களில் கப்பல் வேலைக்குப் போனவர்கள் நிறைய. லீவில் வந்திருந்த ஆன்றனி அண்ணன் உல்லாசக் கப்பலில் சமையல்காரர். நான் போட்ட ஒரு பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு வரணும் என்று அவர் முன்கூட்டியே சொன்னபோது எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இந்த ஹாலில் என் பாட்டைத் தெரிந்த ஒருத்தர்.

ஆனால் அவரும் ஆடவில்லை. மூலையில் அவருடைய மச்சினன் உட்கார்ந்திருந்தான். வடையைப் பிய்த்தபடியே அண்ணன் சொன்னார்: "இந்தப் பாட்டுக்கு அங்க வெள்ளக்காரன் கண்ண மூடிக்கிட்டு ஆடுவான் மக்கா. நம்ம ஆளு மத்தவன் ஆடுகானான்னு கண்ணத் தெறந்து வச்சிட்டு இருக்கான்."

ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை

அந்த வாரம் சேலைக் கடைக்காரர் வந்து ஹாலை டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார். சகாயம் கடைசி முயற்சியாக குழித்துறையிலிருந்து புது லைட்டுகளை வாடகைக்கு இறக்கினான். ஏழு மணிக்குக் கரண்ட் போனது. ஆரல்வாய்மொழியில் கரண்ட் எடுக்கிற காற்றாடி அத்தனை சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வருஷம் எங்களுக்குக் காற்று மட்டும்தான் வந்தது.

லாட்ஜ் ஜெனரேட்டர் சின்னது. ரூம்களுக்குப் போக ஹாலுக்கு வருவது ஒரே ஒரு லைன். அதில் ஸ்பீக்கர் ஓடும், இல்லையென்றால் லைட் ஓடும். சகாயம் லைட் என்றான். நான் ஸ்பீக்கர் வயரைச் செருகினேன். எதிர்க்கடை எமர்ஜென்சி விளக்கிலிருந்து ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். ஆள் தெரிந்தது, முகம் தெரியவில்லை. எனக்கு முட்டியும் தெரியவில்லை. ரெண்டாவது பாட்டில் அது கேட்டது: வெறுங்கால் மொசைக்கில் பதிகிற சத்தம். முதலில் ஒன்றிரண்டு, பிறகு மழை பிடித்த மாதிரி.

திடீரென்று கரண்ட் வந்து சகாயத்தின் லைட்டுகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. சுவரோரம் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் நடுவில், கை தூக்கியது தூக்கியபடி நின்றார்கள். அவர்களுக்கும் நடுவில் ஒரு ஹைஸ்கூல் டீச்சர். வாரம் தவறாமல் வந்து, கைப்பையை மடியில் வைத்து மூன்று மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தவர். பை இப்போது ஜன்னல் படியில் கிடந்தது. மூச்சு வாங்க சகாயத்தைப் பார்த்துச் சொன்னார்: "லைட்டு எரிஞ்சா நான் டீச்சராக்கும் தம்பி. அணைச்சிருங்க."

கீழ் அறை

அணைத்தது சகாயம்தான். வாடகைக்கு எடுத்த லைட்டைத் தன் கையாலேயே அணைத்த லைட்காரன் மாவட்டத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். எட்டரைக்குத் தாணு அண்ணாச்சி மாடிக்கு வந்தார். அவர் அறை ஹாலுக்கு நேர் கீழே. இருட்டில் யார் யார் என்று பார்க்க முயன்றார், முடியவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் செருப்புகளுக்கு நடுவில் நின்றார். பிறகு என் காதருகே குனிந்து, என்னைவிட மெதுவாகச் சொன்னார்: "என் மேசையில காப்பி டம்ளர் தன்னால நடந்து வருகுடே. சேலைக்காரர வேற எடம் பாக்கச் சொல்லுகேன்."

அதற்கப்புறம் ஆடி வந்தது, ஆவணி வந்தது, சனிக்கிழமைகளில் திருவனந்தபுரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து செருப்பைக் கழற்றினார்கள். ஆகவே எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு ஆட வராது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், பாவம், அவர் லைட்டைப் போட்டுப் பார்த்திருப்பார்.