கட்சி மாறிப் பேசிய சேரன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மோட்டார் பம்பு விற்கும் கடையொன்றில் சேரனுக்கு விற்பனையாளர் வேலை. விடுமுறை நாட்களில் பட்டிமன்றப் பேச்சாளர். இரண்டுக்கும் போக மிச்சமிருக்கும் மூச்சு முழுவதையும் கட்சிக்குக் கொடுத்திருந்தார். எந்தக் கட்சி என்று சொன்னால் கேட்பவர்களும் உடனே கட்சி கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்பதால் அது இங்கே வேண்டாம்.

அவருடைய அரசியல் ரொம்ப எளிமையானது. தன் கட்சி கொடுத்தால் நலத்திட்டம். அடுத்த கட்சி கொடுத்தால் ஓசி. தன் ஆட்சியில் தெருவில் மழைத்தண்ணீர் நின்றால் இயற்கையின் சீற்றம். அவர்கள் ஆட்சியில் நின்றால் நிர்வாகச் சீர்கேடு. இந்த ஞானத்தில் அவருக்கு நிகரான ஒரே ஆள், மனைவி அமராவதியின் அண்ணன் கதிர்வேல். சிதம்பரத்தில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அவரிடமும் இதே அகராதிதான், கட்சி மட்டும் வேறு. போன தேர்தல் முடிவு வந்த அன்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேரன் மச்சானைக் கொத்தடிமை என்றார். மச்சான் பதிலுக்கு ஒரு கழுதைப் படம் அனுப்பினார். அத்தோடு பேச்சுவார்த்தை நின்றது. அமராவதியும் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சேரன் உத்தரவு போட்டுவிட்டார்.

இப்படி இருக்கையில் சிதம்பரத்தில் வியாபாரிகள் சங்க ஆண்டு விழா வந்தது. பட்டிமன்றத் தலைப்பு, இலவசத் திட்டங்கள் மக்களைக் கைதூக்கிவிடுகின்றனவா, கையேந்த வைக்கின்றனவா என்பது. நடுவர் ஜான்சி டீச்சர். சேரனுக்குக் கையேந்த வைக்கும் அணி. ஆட்சியில் இருப்பது அடுத்த கட்சி என்பதால் அவருக்கு நாக்கு ஊறியது. அனல் பறக்கப் பேச்சு தயாரித்தார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் போன் செய்தார். எதிர் அணியில் ஒருவர் சொந்தக்காரர் கல்யாணம் என்று கழன்றுகொண்டாராம். பதிலுக்குக் கிடைத்த தபால்காரர் இன்னாசிராஜுக்குக் கையேந்தல் பக்கம் மட்டும்தான் பேச வருமாம். அதனால் சேரன் கைதூக்கும் பக்கம் மாற வேண்டும்.

சேரன் மறுத்தார். கொள்கை, மனசாட்சி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்.

"சார், நீங்க பேச்சாளரா, கொடிக்கம்பமா? ஒரே எடத்துல நிக்கறதுக்கு?" என்றார் டீச்சர்.

அது உறைத்தது. ஒப்புக்கொண்டார். ஆனால் போனை வைத்ததும் ஒரு திட்டம் உதித்தது. வேண்டுமென்றே சொதப்பி அந்த அணியைத் தோற்கடித்துவிடலாம். கட்சிக்கு இதைவிடப் பெரிய தொண்டு உண்டா? தான் தயாரித்த அனலை இன்னாசிராஜுக்கு அப்படியே கொடுத்துவிட்டார். தனக்கு வேண்டியது சபை சிரிக்கும்படியான அசட்டுக் காரணங்கள். அதற்கு அமராவதியைக் கேட்டார்: பெண்களுக்கு விட்டிருக்கும் இந்த ஓசி பஸ்ஸால் உனக்கு என்ன பிரயோசனம்?

அமராவதி வெங்காயம் உரித்துக்கொண்டே, மாதம் ஒருமுறை அதில் ஏறித்தான் அண்ணன் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்றாள். நேராகப் போகும் வண்டிக்குக் காசு என்பதால், ஓசி பஸ்ஸாகப் பார்த்து மாறி மாறிப் போவாளாம்.

மாதா மாதம் அவள் வடலூருக்கு ஜோதி தரிசனம் பார்க்கப் போவதாக அல்லவா சேரன் நினைத்திருந்தார்! என் சம்சாரத்துக்கு வள்ளலார் மேல் அவ்வளவு பக்தி என்று கடையில் பெருமையடித்தது வேறு.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட பஸ்ஸுக்குக் காசு கேட்டா எங்க போறேன்னு கேப்பீங்க. ஓசி பஸ்ஸு கேக்காதுங்க."

அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் சொதப்புவதற்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது என்று தேற்றிக்கொண்டார்.

விழா மேடையில் முதலில் இன்னாசிராஜ் பேசினார். ஓசியில வாங்குறவன் ஒழைக்க மாட்டான் என்று அவர் முழங்கியபோது சேரன் உள்ளுக்குள் பூரித்தார். அது தன் வாக்கியம். தன் முறை வந்ததும், புருஷனை ஏமாற்றிவிட்டுப் பஸ் பஸ்ஸாக மாறி அண்ணன் வீட்டுக்குப் போகும் ஓர் அம்மாவின் கதையைக் கேலியாக எடுத்துவிட்டார். பஸ்ஸு கேக்காதுங்க என்ற இடம் வந்ததும் பெண்கள் பகுதியிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பின்பு கைதட்டல். அது நிற்கவேயில்லை. முன் வரிசையில் கதிர்வேல் உட்கார்ந்திருந்தார். கதையில் வரும் அண்ணன் யார் என்று புரிந்து அவர் முகம் போன போக்கைச் சேரனும் பார்த்துவிட்டார்.

கைதட்டலைக் கேட்ட பேச்சாளருக்குச் சொதப்ப வராது. சேரன் நிமிர்ந்துகொண்டார். இன்னாசிராஜின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். எது எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரியாதா? ஆத்திரத்தில் எழுதியது எது, யோசித்து எழுதியது எது என்று பேசப் பேச அவருக்கே விளங்கியது. பயமாகக்கூட இருந்தது. யோசித்து எழுதியது இரண்டோ மூன்றோதான். அவற்றை அவர் உடைக்கவில்லை, ஒப்புக்கொண்டார். தேர்தல் நேரத்தில் கொடுத்து, தேர்தல் முடிந்ததும் உடைந்துபோகிற சாமானைத் திட்டம் என்று சொல்லக் கூடாது என்றார்.

"குடுத்தவன் பேரை மறைச்சுட்டுப் பாருங்க. நல்லதா கெட்டதான்னு அப்புறம் சொல்லுங்க. நான் இத்தினி வருஷமா பேரை மட்டுந்தான் பாத்தேன்."

கடைசி வரி அவர் சொல்ல நினைத்ததல்ல. வாயில் வந்துவிட்டது.

கைதூக்கும் அணி வென்றதாகத் தீர்ப்பு. வீடு திரும்புவதற்குள் அந்தப் பேச்சு எல்லார் செல்போனிலும் ஓடியது. கட்சியின் வார்டு செயலாளர் சின்னையன், சோறு போட்ட கையைக் கடித்த துரோகி என்று எழுதி அவரைக் கட்சி வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார். கட்சி தனக்கு எப்போது சோறு போட்டது என்று சேரன் நெடுநேரம் யோசித்தார். ஒரு மாநாட்டில் தக்காளி சாதப் பொட்டலம் வாங்கியது ஞாபகம் வந்தது.

மறுநாள் அடுத்த கட்சியின் நகரப் பொறுப்பாளர் அருள்முருகன், நான்கு பேரோடு கடைக்கே வந்து பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். எங்கள் மேடையில் நீங்கள் பேச வேண்டும் என்றார்கள்.

"தாராளமா பேசறேன். எங்க தெரு கால்வாயையும் சேத்தே பேசிடறேன். உங்க ஆளு கட்டுனது, ஒரு மழைக்கே வாயப் பொளந்துக்கிச்சு" என்றார் சேரன்.

அருள்முருகன் சேரனின் தோளிலிருந்து பொன்னாடையை மெல்ல உருவி, மடித்து, கூட வந்தவர் கையில் கொடுத்தார். பேஸ்புக்கில் ஏற்றிய படத்தை அங்கேயே நின்று நீக்கினார்கள். போகும்போது மோட்டார் என்ன விலை என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கதிர்வேல் வந்தார், பலாப்பழத்தோடு. சேரன் கட்சி மாறிவிட்டார் என்ற மகிழ்ச்சியில் வந்தவருக்கு, மாறவில்லை என்று தெரிந்ததும் முகம் தொங்கியது. உடனே சண்டை ஆரம்பமானது. ஆனால் சேரன் புதிதாக ஒரு விதி போட்டார்: "மச்சான், மொதல்ல நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லுங்க. நான் ஆமான்னு சொன்னப்புறம் திட்டுங்க."

கதிர்வேலுக்கு அது வரவில்லை. மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் நடுவிலேயே திட்டிவிட்டார். சேரன் முறை வந்தபோது அவருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனது. இப்படிப் பேசினால் சண்டை ஒன்றுக்கு இரண்டு மடங்கு நேரமாகிறது என்று அமராவதி சலித்துக்கொண்டு, பலாப்பழத்தை அரிய ஆரம்பித்தாள்.