மேசைக்கு வராத சாவி

என் காருக்கு இரண்டே கதவுகள். சிவப்பு நிறம், தரையோடு பதுங்கிய உடம்பு, திறந்து மூடும் முன்விளக்குகள். எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போவில் அப்படியொரு ஸ்போர்ட்ஸ் காரில் போனால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நில அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது தகுதிக்கு மீறிய வண்டிதான். கோலாலம்பூர்க்காரர் ஒருவர் விட்டுப்போனது, யாரும் சீந்தாமல் ஒரு பட்டறையில் கிடந்தது. அவ்வளவு அழகான வண்டியை ஏன் யாரும் சீந்தவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். கிளட்ச் இல்லை, கியர் தானாக மாறிக்கொள்ளும் என்றார் பட்டறைக்காரர். அப்படியானால் ஓட்டுவதற்குச் சுலபம்தானே என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதலில் அதை எடுத்துக்கொண்டு நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனேன். அப்போதே தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள், தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகள் காலி. மிச்சம் இருந்தவர்கள் காரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பால்மரம் வெட்டியவர்களின் மகன், தோட்டத்துத் துரையின் காரைவிடப் பெரிய காரில் வந்துவிட்டான் என்று ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளட்ச் இருக்கிறதா இல்லையா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு நாளின் மயக்கத்தில்தான் நான் ஈப்போவின் கார் பித்தர்களைத் தேடிப் போனேன்.

அவர்கள் மூன்று பேர். ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர், ஈயச் சுரங்க முதலாளியின் மகனான ஒரு சீனர். மூவரிடமும் ஸ்போர்ட்ஸ் கார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கூடுவார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உட்கார்ந்ததும் ஆளுக்கு ஆள் சாவியை மேசை நடுவில் போட்டுவிட வேண்டும். ரொட்டி சானாயும் தே தாரேக் டீயும் முடிந்ததும் தன்னுடையது அல்லாத ஒரு சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊரான காம்பார் வரைக்கும் அடுத்தவர் காரில் போய்விட்டு வருவார்கள். யார் கிளட்சை நோகாமல் விட்டார், யார் கியரைக் கரகரக்க விட்டார் என்று வந்து பேசுவார்கள். தன் வண்டியை இன்னொருவன் கையில் தருவதுதான் அந்த மேசையில் மரியாதை.

முதல் நாள் நானும் என் சாவியைப் போட்டேன். வக்கீல் எழுந்துபோய் என் கார் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, ஒன் வண்டியில கிளட்ச காணோமே. வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?"

சீனருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். "ஆட்டோமேட்டிக், ஆட்டோ லா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். பல் டாக்டர் என் சாவியை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"பாக்கெட்லயே வச்சுக்க. இது கியர் காரவங்க மேசை."

அன்றிலிருந்து என் பெயரே ஆட்டோ ஆகிவிட்டது. அவர்கள் காம்பார் போகும்போது நான் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். இல்லையென்றால் கடையிலேயே இன்னொரு தே குடித்துக்கொண்டு காத்திருப்பேன். மானமுள்ளவன் அடுத்த வாரம் போயிருக்க மாட்டான். நான் போனேன். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அக்கா கல்யாணமாகித் தைப்பிங்கில் இருந்தார், புந்தோங் வீட்டில் நான் ஒற்றை ஆள். திங்கள் முதல் சனி வரைக்கும் அலுவலகம் இருக்கிறது. ஞாயிறு இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். கேலி செய்வதற்காவது மூன்று பேர் என்னை எதிர்பார்க்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது. ரோட்டில் யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இடது காலால் வெறும் தரையை மிதிப்பேன். கியர் மாற்றுவதுபோல இடது தோளைக் குலுக்கிக்கொள்வேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் இந்தக் கூத்தை ஒழுங்காகச் செய்தாக வேண்டும், தோள் ஒரு நொடி பிந்திவிட்டால் எனக்கே எரிச்சல் வரும். இப்போது அக்கா மகன் ஒரு கார் வைத்திருக்கிறான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது மாதிரி இரண்டு பட்டைகள், விரலால் தட்டினால் கியர் மாறுகிறது. "கிளட்சும் இல்ல மாமா, ஆனா கியர் நாமதான் மாத்துறோம்" என்று பெருமையாகக் காட்டினான். முன்னாலேயே கண்டுபிடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னேன்.

அந்த மூவரில் என்னை அதிகம் கேலி செய்தவர் வக்கீல்தான். நாற்பதைத் தாண்டியவர், நல்ல உயரம், வாய் திறந்தால் கடையே திரும்பிப் பார்க்கும். கியர் விஷயத்தில் அவர் சொன்னதுதான் அங்கே சட்டம். நான் அந்தக் கடைக்குப் போகத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தபோது, அவர் ஒரு புதன்கிழமை சாயங்காலம் என் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"சும்மா ஒரு ரவுண்டு போலாமா தம்பி? ஒன் வண்டியில."

லகாட் ரோட்டில் போனோம். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வரத் தொடங்கிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். நான் ஓட்டட்டுமா என்று கேட்டார். இடம் மாறி உட்கார்ந்தோம். ஒரு மைல் ஓட்டினார். பிறகு இடது காலை நன்றாக நீட்டி வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"முட்டி போச்சுப்பா. குளியல் ரூம்ல வழுக்கி விழுந்தது. கிளட்ச மிதிச்சா உயிர் போகுது. ஆபரேஷன் பண்ணாலும் பழையபடி ஆகாதுன்னு சொல்லிட்டாங்க."

"அப்புறம் எப்படி அண்ணே ஞாயித்துக்கிழமை ஓட்டுறீங்க?"

"பல்ல கடிச்சிக்கிட்டு ஓட்டுறேன். யார்கிட்டயும் சொல்லிடாத. வீட்டுலகூட இவ்வளவு மோசம்னு தெரியாது."

நான் ஏன் சொல்லப்போகிறேன் என்றேன். அன்றிலிருந்து புதன்கிழமை தவறாமல் வந்தார். லகாட், பத்து காஜா ஊர்கள் என்று மனம் போன போக்கில் ஓட்டுவார். எங்காவது மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி, கார் பானெட்டில் தட்டை வைத்துச் சாப்பிடுவோம். கோர்ட்டில் நீதிபதி தூங்கியதைச் சொல்வார், பிள்ளை இல்லாத வருத்தத்தைச் சொல்வார். என் சமையலைப் பற்றிக் கேட்பார், கல்யாணம் பண்ணித் தொலையேன்டா என்று திட்டுவார். ஊருக்கு முன்னால் விறைப்பாக நடக்கிற மனுஷன், என்னோடு இருக்கும்போது மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு தாராளமாக நொண்டுவார். எனக்கு அது பிடித்திருந்தது. வாரத்தில் ஒரு நாளாவது என்னைத் தேடி ஒருவர் வருகிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் ஞாயிறு வந்தால் அவர் வேறு ஆள். முன்னைவிட உரக்க ஆட்டோ ஆட்டோ என்று கூப்பிடுவார். தன் முட்டியை மறைக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது. ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, அவர் வாயாலேயே தம்பி, ஒன் சாவியையும் போடு என்று சொல்ல மாட்டாரா என்று எதிர்பார்த்துக்கொண்டே ஏழெட்டு மாதம் போனேன். அவர் சொன்னால் மற்ற இருவரும் மறுக்க மாட்டார்கள். புதன்கிழமையில் அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

பிறகு பல் டாக்டரின் மைத்துனர் வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியவர், கையில் புத்தம்புது கார். முதல் நாளே அவர் சாவி மேசை நடுவில் ஏறிவிட்டது. விவரம் தெரியாதவர், என்னைப் பார்த்து நல்லபடியாகத்தான் கேட்டார்.

"அண்ணே, நீங்க சாவி போடலியா? அந்த சிவப்பு ஒங்களுதுதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் முந்திக்கொண்டார்.

"அவன் வண்டிய யாரும் எடுக்க மாட்டாங்க மச்சான். ரெண்டு காலும் நல்லா இருக்கிறவன் அத ஓட்டுவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான்.

"அப்ப புதன்கிழமை புதன்கிழமை அத ஓட்டுறது யாரு அண்ணே? முட்டி போச்சுன்னு இவங்ககிட்டயும் சொல்லிட வேண்டியதுதானே?"

வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. சீனர் அவருடைய காலைக் குனிந்து பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று வக்கீல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் அவரைத்தான் நம்பியிருப்பார்கள். அதைக்கூட அவர் சொல்லவில்லை. மேசையிலிருந்து பல் டாக்டரின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தக் கார் கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும். கிளம்பினார், முச்சந்தியில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி கிளப்பினார், மறுபடி ஆஃப். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மைத்துனர் சிரித்துவிட்டார். கடைசியில் வக்கீல் ஒரு சுற்றுச் சுற்றிக் காரைக் கடை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். சாவியை மேசையில் வைத்தார், தன் சாவியை எடுத்துக்கொண்டார், யாரையும் பார்க்காமல் போய்விட்டார். அதன் பிறகு அவர் அந்தக் கடைக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. "ஆளு கொறையுதுலா, ஒன் சாவியையும் போடு" என்று பல் டாக்டர் என் பக்கம் கையை நீட்டினார். என் சாவி மேசை நடுவில் போய் விழுந்தது. மைத்துனர்தான் அதை எடுத்தார். காம்பார் போய்விட்டு வந்து, நெரிசலில் ஜாலியா இருக்கு அண்ணே, காலுக்கு வேலையே இல்லை என்றார். இரண்டு வருடமாக ஏங்கியது கிடைத்துவிட்டது, நான் ரொட்டியைப் பாதியிலேயே தள்ளி வைத்துவிட்டேன். அவர்கள் வக்கீலைப் பற்றி இரண்டு வாரம் சிரித்தார்கள், மூன்றாவது வாரம் மறந்துவிட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலங்களில் அலுவலக வாசலில் நின்றேன். நாலு புதன் நின்றேன். ஐந்தாவது புதன் நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி கேட்டைத் திறந்து உட்காரச் சொன்னார். போர்ட்டிக்கோவில் அவருடைய கார் துணி போர்த்திக் கிடந்தது. வக்கீல் உள்ளேயிருந்து வந்தார், சிரித்த முகமாகக் கை கொடுத்தார். அலுவலகம் எப்படி, அக்கா சுகமா என்று கேட்டார். பிஸ்கட் வந்தது, டீ வந்தது. மனைவி உள்ளே போனதும் ஆரம்பித்தேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் வாய் தவறி..."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? டீ ஆறுது, குடிங்க."

வாய் தவறவில்லை, வேண்டுமென்றேதான் சொன்னேன் என்பது அவருக்கும் தெரியும். மழை வரும்போல இருக்கு என்றார். ஆமாம் என்றேன். ஏழெட்டு மாதம் வாய் ஓயாமல் பேசிய இருவர், ஒரு டீயை முடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். எழுந்தேன். வேண்டாம் அண்ணே, நானே போய்க்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை, வழியனுப்பக் கூடவே வந்தார்.

கேட் வரைக்கும் இருபது அடி இருக்கும். என் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி, முட்டியைத் தொடாமல், கோர்ட்டுக்குப் போகிறவர் மாதிரி நேராக நடந்தார். நெற்றி முழுக்க வியர்த்திருந்தது, முகத்தில் அந்தச் சிரிப்பு குறையவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அவருக்கு என்ன வலிக்கும் என்று தெரிந்தவன் நான். அந்த வாசலில் அப்போது என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.