மருதம்பட்டைக் கஷாயமும் சித்தப்பாவின் பட்டு நூலும்

நிறமுள்ள தண்ணீர் எதைக் கண்டாலும் எங்கள் சித்தப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு சிட்டம் பட்டு நூலை முக்கிப் பார்த்தே தீருவார். காஞ்சிபுரத்தில் சாயம் போட்டுத் தறி நெய்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான். அவருக்கு இன்னொரு வியாதியும் வந்திருந்தது. பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. மெட்ராஸ் டாக்டர் உடனே அறுக்கச் சொல்லிவிட்டார். இவரோ, "நம்ம பொண்ணு மருந்து கண்டுபுடிச்சிக்கினு இருக்குது, கத்தி எதுக்குபா?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பொண்ணு நான்தான். எழுபதுகளில் மெட்ராஸில் மூலிகை ஆராய்ச்சி மாணவி. மருதம்பட்டைச் சாற்றைக் கட்டியிலேயே ஊசியாகப் போட்டபோது, எலிகளுக்குக் கட்டி வளராமல் நின்றிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சோதனைக்காகச் செவிலிமேட்டுப் பக்கம் ஆற்றங்கரையில் பட்டை சீவி வந்து, வீட்டுக் கொல்லையிலேயே சின்னப் பானையில் காய்ச்சினேன். கஷாயம் செக்கச்செவேல் என்று இறங்கியது. குளித்துவிட்டு வந்து பார்த்தால், சித்தப்பா கைக்குக் கிடைத்த சிட்டத்தையெல்லாம் அதில் முக்கிக்கொண்டிருக்கிறார்!

"ஐயோ சித்தப்பா! உங்க உசுருக்காகக் காய்ச்சினதுதானா கெடைச்சிது உங்களுக்கு?"

"கலரு எப்டி புடிச்சிக்கிச்சி பாரும்மா!"

நூல் செம்பழுப்பாகியிருந்தது. கஷாயம் வெளுத்துக் கிடந்தது. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

கொட்ட மனமில்லாமல் மிச்சத்தை மெட்ராஸுக்கு எடுத்துப் போனேன். பழைய சாற்றையும் இதையும் தனித்தனி எலிகளுக்குப் போட்டுப் பார்த்தோம். பழையது கட்டியை நிறுத்தியது. இது ஒன்றும் செய்யவில்லை. அப்போதுதான் உறைத்தது. வேலை செய்ததெல்லாம் பட்டு நூல் பிடித்துக்கொண்ட பட்டையின் துவர்ப்புச் சத்துதான். முதலில் எதைத் தொடுகிறதோ அதிலேயே ஒட்டிக்கொள்ளும் சங்கதி அது. வாயால் குடித்தால் கட்டிவரை போய்ச் சேராது; குடலுக்குள் இருக்கும் கட்டியில் எலிக்குப் போட்டதுபோல ஊசி குத்தவும் முடியாது.

ஊருக்கு வந்து சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த நூலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப, குடிச்சா நாக்கோட நின்னுடுமா?"

"ஆமா சித்தப்பா."

நூலை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"சரி, கெளம்பு. அறுத்துக்கலாம்."

அறுத்தார்கள். கட்டி வெளியே பரவியிருக்கவில்லை. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

உடம்பு தேறித் தறியில் உட்கார்ந்ததும், அந்தச் செம்பழுப்பு நூலில் எனக்கொரு ரவிக்கைத் துணி நெய்தார். மருந்து தோற்றுப்போன வருத்தத்தில் நான் உம்மென்று வாங்கிக்கொண்டேன்.

"மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்காதம்மா," என்றார். "உன் மருந்துதான என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புச்சி? அதுக்கு மேல ஒரு மருந்து என்னா செய்யணும்ன்ற?"