பூவுக்கு முன்னால் ஒரு பெயர்

ஈரப் பஞ்சால் தடவித் தடவி, பழைய தண்டில் ஒட்டிக்கிடந்த வெள்ளைத் தோலை பஸ்ரியனின் விரல்கள் உரித்துக்கொண்டிருந்தன. வெங்காயச் சருகுபோல அது கணுக்கணுவாகக் கழன்று வந்தது. இழுத்தால் தண்டில் காயம் படும். அதனால் ஊறவிட்டு, நகத்தால் நெம்பி, வராவிட்டால் மறுபடி ஊறவிட்டு. ஓரிடத்தில் விரல் நின்றது. கணுவோரமாகக் கடுகளவில் இரண்டு காய்ந்த முனைகள் தட்டுப்பட்டன.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி. உங்கட மனுசன் பாத்த பூ இந்த இடத்திலதான் இருந்திருக்கு."

கதிரை நுனியில் இருந்த தவமணி எட்டிப் பார்த்தார். அவருடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா இந்த ஓர்க்கிட்டைப் பூவோடு வாங்கிவந்த காலத்தில் தவமணிக்கு இரண்டு வேலை. விடியப் போனால் இரவில் வந்து படுக்கத்தான் நேரம். சமையலறை யன்னலில் ஏதோ பூத்திருந்தது தெரியும். என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது. பூ உதிர்ந்தது. சட்டியில் குத்தியிருந்த பெயர்ச்சீட்டும் எங்கோ போனது. பிறகு கணவரும் இறந்துபோனார். செடி மட்டும் இலைவிட்டுக்கொண்டே இருந்தது, பூக்கவேயில்லை.

"அந்தாள் உதுக்கு முன்னால நிண்டுதான் தேத்தண்ணி குடிக்கும். அப்பிடி என்னத்தைப் பாத்ததெண்டு நானும் ஒருக்காப் பாக்கவேணும் அண்ணை."

அதற்காகத்தான் கோடை முடிகிற நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வோபர்ன் பகுதியில் இருக்கும், ஓர்க்கிட் பார்க்கத் தெரிந்த பஸ்ரியனிடம் வந்திருந்தார்.

பஸ்ரியன் மன்னார்ப் பக்கத்து மனிதர். பிளாஸ்ரிக் தொழிற்சாலை ஒன்றில் அச்சுகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். சகோதரிகளை ஒவ்வொருவராகக் கனடாவுக்கு எடுத்து, கலியாணம் செய்துவைத்து, தன்னுடைய வயதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். யூனியன்வில்லிலும் பிக்கரிங்கிலும் இருக்கும் சகோதரிகளின் பிள்ளைகள் நத்தார்ப் பண்டிகைக்கு வந்து அவரை ஏற்றிப் போவார்கள்; சாப்பாட்டுப் பொதியோடு திரும்ப இறக்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் தொலைபேசி அடித்தால் பெரும்பாலும் வீட்டுக் காற்றுக்குழாய்களைத் துப்புரவாக்கும் டக்ற் கிளீனிங் விற்பவர்கள்தான்.

ஓர்க்கிட் வளர்ப்போர் சங்கத்தில் பின்வரிசையில் இருந்து, மற்றவர்கள் ஒரு செடியை எப்படித் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று பார்த்தே அவர் செடி பார்க்கும் தொழிலைப் பழகினார். அங்கே பழையவர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பூவைக் காணாமல் பெயர் சொல்வதில்லை. அதை அவரும் மீறியதில்லை.

ஆனால் வளரும் விதம் கொஞ்சமாவது பேசும். இந்தச் செடி ஒரே தண்டாக மேலே போகாமல், அடியிலிருந்து வருடத்துக்கொரு புதுத்தண்டு விட்டுப் பக்கமாக நகர்ந்திருந்தது. தண்டு கரும்புபோலக் கணுவைத்தது. டென்ட்ரோபியம் என்ற ஓர்க்கிட் இனம் என்பதில் சந்தேகமில்லை. அதில்தான் வில்லங்கம். ஒருவகை வருடம் முழுக்கச் சூடு கேட்கும், தண்டின் நுனியில் பூக்கும்; குளிரில் வைத்தால் செத்துவிடும். மற்றது குளிரில் பட்டினி கிடந்தால்தான் கணுக்களில் பூக்கும். காய்ந்த முனைகள் கணுவில் இருந்தன. மேல்கணுக்களிலோ வேரும் இலையுமாகக் குட்டிச் செடிகள்.

"வின்ரரில என்ன ஊத்தினனீங்கள்?"

"அரிசி கழுவின தண்ணிதான். ஒவ்வொரு நாளும். குளிருமெண்டு அடுப்புக்குப் பக்கத்திலதான் வைச்சனான்."

"அதுதான் பூக்கவேண்டிய இடமெல்லாம் பிள்ளை பெத்திருக்கு."

"நல்லாப் பாத்ததும் குற்றமே அண்ணை?"

"ஓம். இனி நான் பட்டினி போடப்போறன். என்ர கணிப்புப் பிழைச்சால் செடி போயிடும், சொல்லிப்போட்டன்."

தவமணி சட்டியை அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார். பிறகு, "போடுங்கோ," என்றார்.

இலையுதிர்காலம் முழுக்கச் செடி பல்கனியில் நின்றது. தண்ணீர் நிறுத்தியாயிற்று. இலைகள் மஞ்சளாகி விழுந்தன. ஞாயிறுதோறும், பஸ்ரியன் தேவாலயத்தில் பூசை கண்டு வந்த கையோடு, தவமணி தொலைபேசி எடுப்பார்.

"செத்துப்போச்சோ அண்ணை?"

"இல்லை, தவக்கால நோன்பு இருக்குது."

"உங்கட வேதத்தில எல்லாத்தையும் பட்டினி போட்டுத்தான் நல்லாக்குவியளோ?"

"உங்கட சைவத்தில சோறு போட்டே கொல்லுவியள்."

அதற்குத் தவமணி சிரித்த சிரிப்பு பஸ்ரியனுக்குப் புதன்கிழமை வரைக்கும் போதுமாக இருந்தது. அதன்பிறகு அடுத்த ஞாயிறை எதிர்பார்க்கத் தொடங்குவார்.

உறைபனிக்கு முன்னர் செடியைத் தன் படுக்கையறை யன்னலடிக்குக் கொண்டுவந்து, அறையின் ஹீற்றரை நிறுத்தினார். ஜக்கற் போட்டுக்கொண்டு படுத்தார். தை மாதம் கணுக்கள் வீங்கின. குட்டியென்றால் முனை கூராக வரும், மொட்டென்றால் உருண்டு வரும். உருத்தெரியும்வரை காலையும் மாலையும் பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தார். உருண்டு, இரண்டிரண்டாக வந்தது. இனி அதன் பெயரில் அவருக்குச் சந்தேகமில்லை.

ஞாயிறு தவமணி கேட்டார்: "இன்னும் பெயர் தெரியேல்லையோ அண்ணை?"

"பூ வரட்டும் தங்கச்சி. பூவைக் காணாமல் நாங்கள் சொல்லுறேல்லை."

பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் தான் ஒளிந்திருப்பது, தொலைபேசியை வைத்த பிறகு அவருக்குத் தெரிந்தது. பெயர் சொன்னால் செடி தவமணியிடம் போய்விடும். செடி போனால் ஞாயிறும் போய்விடும். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும்.

ஒரு காலை மொட்டுகள் பருத்து, பச்சை வெளிறி, நுனி பிரியப்போகும் பதத்தில் நின்றன. நிறம் தெரிய இன்னும் ஓரிரு நாள். கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிட்டப் போனவர் பாதியில் நின்றார். இதை முதலில் பார்க்கவேண்டியது தானல்ல, தவமணி. கண்ணாடியை மேசையில் வைத்தார். ஒரு சிறு பெயர்ச்சீட்டில் பென்சிலால் பெயரை எழுதிச் சட்டியோரம் குத்தினார். செடியைப் பத்திரிகைத் தாளாலும் அதன்மேல் போர்வையாலும் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

தவமணி கதவைத் திறந்தார்.

"பூத்திட்டுதோ?"

"இல்லை. ரெண்டு நாளில பூக்கும்."

"பூவைக் காணாமல் பெயர் சொல்லமாட்டியளே?"

"இதுக்குச் சொல்லலாம். டென்ட்ரோபியம் நோபிலி, அதின்ர கலப்பு. அடுப்பங்கரையில வையாதேங்கோ. தண்ணி கொஞ்சமாய் விடலாம், கழுநீர் வேண்டாம்."

"நிறம்?"

"தெரியாது. நான் பாக்கேல்லை."

போர்வையை விலக்கி, சட்டியை இரண்டு கைகளாலும் நீட்டினார். தவமணி வாங்கிக்கொண்டார்.